வெள்ளை மரத்தின் மஞ்சள் தூள்

மேசையில் மஞ்சள் தூள் படிந்திருந்தது.

வெளியே பனி முழங்கால் அளவுக்குக் கிடந்தது. பெப்ரவரி மாதத்துக் காலை. ஒஸ்லோ நகரின் ஸ்டோவ்னரில் நான் வேலை செய்த பாலர் பாடசாலையில், பிள்ளைகளைப் பனியில் விளையாட அனுப்பிவிட்டு மேசைகளைத் துடைப்பதற்காக நான் மட்டும் உள்ளே நின்றேன். யன்னலோரத்து மேசையில் கண்ணாடிச் சாடிகள். அவற்றில் மெல்லிய மரக்கிளைகள். கிளைகளில் பிள்ளைகள் கட்டிய சிவப்பு, பச்சை, ஊதா இறகுகள். அவற்றுக்குக் கீழேதான் அந்தத் தூள். கறிக்குப் போடும் மஞ்சளைவிடச் சற்று வெளிறிய நிறம்.

யாரோ ஒரு பிள்ளை வர்ணப் பொடியைக் கொட்டிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். காய்ந்த துணியால் ஓர் இழுப்பு இழுத்தேன். தூள் எழும்பி முகத்தில் பட்டது.

முதலில் தும்மல். அடுத்தடுத்துத் தும்மல். பிறகு கண்ணுக்குள் மிளகாய் போட்டது போன்ற எரிவு. பிறகு நெஞ்சு. பின்னால் யாரோ நின்று கயிறு போட்டு இறுக்குவது போல இருந்தது. மூச்சை உள்ளே இழுக்க முடிந்தது. வெளியே விடத்தான் முடியவில்லை. நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற சத்தம். கூப்பிட வாயைத் திறந்தேன். குரல் இல்லை.

அந்த நேரத்தில் பயம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். அந்த விசில் சத்தம் எனக்குப் பழக்கமானது. ஒவ்வொரு மே மாதமும் வரும். அதற்குக் காரணம் இலங்கையில் நடக்கும் போர் என்று என் வைத்தியர் ஒவ்வொரு மே மாதமும் எனக்குச் சொல்லிவந்தார்.

இங்கே பெப்ரவரி. யன்னலுக்கு வெளியே பனி. உள்ளே ஒரு மரத்தின் தூள். போர் எங்கே வந்தது?

சாந்தமாக எழுதச் சொன்னவருக்கு

இந்தத் தொடரைப் படிக்கும் அன்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தங்கச்சி, நல்லா எழுதுறியள். ஆனா ஏன் எப்பவும் கொதிச்சுக்கொண்டு எழுதுறியள்? கொஞ்சம் ஆறுதலா எழுதலாமே" என்றார்.

ஐயா, போன வாரம் ரொம்மனில் வாடகை வீடு எடுத்த கதையை முடிந்தவரை சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். இந்த வாரம் அது முடியாது. ஆறுதலான எழுத்து வேண்டுமென்றால் இந்தப் பக்கத்தைத் தாண்டிச் சமையல் குறிப்புக்குப் போய்விடுங்கள்.

ஊரெல்லாம் நிற்கும் மரம்

அந்த மரத்தின் பெயர் பியோர்க், ஆங்கிலத்தில் பேர்ச். வெள்ளைத் தோல். தோலில் குறுக்காகக் கறுப்புக் கோடுகள். ஒஸ்லோவின் கிழக்குப் புறத்தில் எந்த நிலக்கீழ் ரயில் நிலையத்தில் இறங்கினாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். மாடிக் குடியிருப்புகளுக்கு நடுவில், வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில், பிள்ளைகளின் ஊஞ்சலுக்குப் பின்னால், எங்கும்.

எங்கள் பிரிவின் பொறுப்பாசிரியை இங்கெர். அவளுக்கு இந்த மரத்தில் ஒரு பக்தியே உண்டு. எனக்கு இதைப் பற்றித் தெரிந்த எல்லாம் அவளிடம் கேட்டதுதான். தாழ்நிலத்தில் வளரும் பியோர்க்கின் கிளைகள் முடியை அவிழ்த்துவிட்டது போலத் தொங்கும். ஈர நிலத்தில் வளர்வதன் இளங்கிளைகளில் பூனைமயிர் இருக்கும். மலையில் வளர்வது கூனிக் குறுகி, மற்ற மரங்கள் நின்றுவிட்ட உயரத்துக்கும் மேலே ஏறும்.

நிலம் எரிந்தாலும், வெட்டி வெறுமையாக்கினாலும், முதலில் வந்து முளைப்பது இதுதானாம். "எங்கள் அகதி மரம்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து இங்கெர் வெட்கப்பட்டாள். நான் சிரித்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

இந்த நாட்டு மனிதர்கள் அந்தக் காலத்தில் இந்த மரத்தை முழுதாகப் பயன்படுத்தினார்கள். பட்டையில் தண்ணீர் இறங்காது. அதனால் கூரையில் பட்டையை அடுக்கி, அதன்மேல் புல்மண்ணைப் போட்டார்கள். அதே பட்டையைப் பின்னிக் கூடை செய்தார்கள், சப்பாத்தும் செய்தார்கள். இலையைக் காயவைத்து ஆட்டுக்குப் போட்டார்கள். இலையை அவித்துக் கம்பளி நூலுக்கு மஞ்சள் ஏற்றினார்கள். இலை விரியுமுன் அடிமரத்தில் துளைபோட்டு, வடியும் நீரைக் குடித்தார்கள். ஒரு தடவை இங்கெர் எனக்கும் தந்தாள். சீனி போட மறந்த தேத்தண்ணியைப் போலக்கூட இல்லை, வெறும் தண்ணீர். விறகென்றால் இன்றைக்கும் இதுதான். ஸ்ட்ரோம்மன் பக்கம் கடைகளுக்குப் போனால் வாசலில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருப்பார்கள்.

மெல்லிய கிளைகளைக் கட்டி, எங்கள் ஈர்க்குமாறு போல விளக்குமாறு செய்தார்கள். அதே கட்டால் பிள்ளைகளை அடிக்கவும் செய்தார்கள். அந்தக் கட்டுக்குப் பெயர் ரீஸ். இப்போது பிள்ளையை அடிப்பது சட்டப்படி குற்றம். ஆகவே பெப்ரவரியில் வரும் ஒரு பண்டிகைக்கு மட்டும் அந்தக் கிளைகளில் இறகு கட்டிச் சாடியில் வைக்கிறார்கள். உள்ளேயிருக்கும் சூட்டில், பனிக்காலத்திலேயே அது துளிர்த்துப் பூத்து, மஞ்சள் பூந்தூளை, அதாவது மகரந்தத்தை, உதிர்க்கும்.

அரிசிக்கும் நோர்வேஜிய மொழியில் ரீஸ் என்றுதான் பெயர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், "நாளைக்கு எல்லோரும் ரீஸ் கொண்டுவாருங்கள்" என்று இங்கெர் சொன்னாள். நான் ஒரு பை பாஸ்மதி அரிசியோடு போய் நின்றேன். அதன் பிறகு ஒவ்வொரு பெப்ரவரியிலும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை.

வைத்தியரும் என் போரும்

நான் நோர்வேக்கு வந்தது தொண்ணூறுகளின் கடைசியில், கலியாணம் கட்டி. முதல் சில வசந்த காலங்களில் எனக்கு ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மே மாதம் திடீரென்று தொடங்கியது. கண் சிவந்து நீர் ஓடியது, மூக்கு அடைத்தது, படியேறினால் நெஞ்சு இறுகியது.

வைத்தியர் நல்ல மரியாதையான மனிதர். மெல்லிய குரல். நோர்வேஜிய மொழியில் நடந்த பேச்சை என் தமிழில் தருகிறேன்.

"நீ எந்த நாட்டிலிருந்து வந்தாய்?"

"இலங்கை."

"ஓ." பேனையைக் கீழே வைத்தார். "அங்கே இன்னும் யாராவது இருக்கிறார்களா?"

"அண்ணா இருக்கிறார். வன்னியில்."

"அவரைப் பற்றி நிறைய யோசிப்பாயா?"

யார்தான் யோசிக்கமாட்டார்கள்? ஓம் என்றேன். அந்த ஒரு "ஓம்" போதுமாக இருந்தது. வாய்விட்டு அழ முடியாததைக் கண் அழுகிறது, மனதின் பாரம் நெஞ்சை இறுக்குகிறது என்று விளக்கினார். மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதித் தந்தார்.

அந்த மாத்திரையை விழுங்கினால் பகலெல்லாம் தலை பஞ்சு மாதிரி இருக்கும். பிள்ளைகள் பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் தாமதமாகத்தான் கேட்கும். ஜூன் மாதம் எல்லாம் தானாகக் குறைந்தது. மருந்து வேலை செய்துவிட்டது என்றார் வைத்தியர்.

அடுத்த மே மாதம் திரும்ப வந்தது. அதற்கடுத்த மே மாதமும் வந்தது. ஒவ்வொரு தடவையும் அண்ணாவைப் பற்றிக் கேட்டார். மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

ஒருமுறை நானே கேட்டேன். "இது பூந்தூள் ஒவ்வாமையாக இருக்குமா? என்னோடு வேலை செய்யும் ஒருத்திக்கும் இப்படித்தான்."

"அது சின்ன வயதிலிருந்தே இந்தச் சூழலில் வளர்ந்தவர்களுக்கு வருவது. உனக்கு முதல் வருடங்களில் இருக்கவில்லையே" என்று சிரித்தார்.

அவர் சொன்னது பிழை, வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் சில வருடம் கழித்து அது வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? படித்தவர் சொல்கிறார், நம்பினேன்.

இப்போது நினைத்தாலும் இரத்தம் கொதிக்கும் காட்சி ஒன்று உண்டு. எங்கள் பணியாளர் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் நான் சொன்ன அந்த நோர்வேஜியப் பெண். இந்தப் பக்கம் நான். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் கண் சிவந்து, மூக்கு வீங்கி, கையில் கடதாசிக் கைக்குட்டை. உள்ளே வந்த இன்னொருத்தி அவளைப் பார்த்து, "அட, பூந்தூளா? பாவம்" என்றாள். என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அழுதாயா கௌரி? ஊரில் ஏதும் நடந்ததா?" என்றாள்.

இந்த நாட்டுப் பெண்ணின் மூக்கில் ஓடியது வெறும் நீர். என் மூக்கில் ஓடினால் அதற்கு ஒரு சரித்திரம் வேண்டியிருந்தது.

வீட்டிலாவது ஆறுதல் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. ஒரு மே மாத மாலை, படுக்கையில் சாய்ந்திருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். கணவர் தொலைபேசியில் கனடாவிலுள்ள தன் தமக்கையோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அக்கா, அவவுக்கு மனம் கொஞ்சம் சரியில்லை. டொக்டர் மருந்து குடுத்திருக்கிறார். வேலைக்கும் சரியாப் போறேல்லை."

அவர் வைத்ததும் கேட்டேன். "இஞ்சேருங்கோ, எனக்கு விசர் எண்டோ சொல்லுறியள்?"

"நான் எங்கை அப்பிடிச் சொன்னனான்? டொக்டர் சொன்னதைத்தானே சொன்னனான். உமக்கு மனம் சரியில்லை எண்டு அவர்தானே சொல்லுறார்."

"என்ரை நெஞ்சு விசிலடிக்கிறது உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"கேக்குது. யோசிக்காமல் படுத்திரும்."

சில வாரங்களுக்குள் கனடாவிலிருந்து லண்டனுக்குச் செய்தி போனது. லண்டனிலிருந்து ஒரு மாமி அழைத்து, எந்தக் கோயிலில் என்ன நேர்த்தி வைக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னார்.

இங்கெர் சப்பாத்தில்லாமல் ஓடியது

பெப்ரவரிக் காலைக்குத் திரும்புகிறேன்.

நான் பிடிக்கப்போன கதிரை விழுந்த சத்தம் கேட்டு, அப்போதுதான் வாசலில் பனிச்சப்பாத்தைக் கழற்றிய இங்கெர் உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். என்னைப் பற்றியோ என் நாட்டைப் பற்றியோ அவள் எதுவும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் என்னைத் தூக்காத குறையாகப் பின்கதவால் வெளியே கொண்டுபோய்க் குளிர்காற்றில் இருத்தினாள். அவசர வண்டிக்குத் தொலைபேசி எடுத்தாள். பிறகு உள்ளே ஓடி, சாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வேலிக்கு அப்பால் பனிக்குள் வீசினாள். காலில் வெறும் கம்பளிக் காலுறை. இறகுகள் பனியில் சிதறிக் கிடந்தன. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண் தன் இறகுக்காக அழத் தொடங்கினாள்.

அவசர சிகிச்சையில் முகமூடி வைத்து மருந்துப் புகை தந்தார்கள். நெஞ்சின் கயிறு கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்தது. அங்கிருந்த இளம் வைத்தியரிடம், "பியோர்க்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அவர் யன்னலைப் பார்த்தார். "பெப்ரவரியிலா?"

"வீட்டுக்குள்ளே. சாடியில்."

"உன் சொந்த வைத்தியரிடம் பரிசோதனை கேள்" என்றார்.

கதிரையை விட்டு எழும்பவில்லை

கேட்டேன்.

வைத்தியர் கணினியைப் பார்த்தார். தலையை ஆட்டினார். அதே மெல்லிய குரல்.

"இது கடுமையான பதற்றத் தாக்குதலாக இருக்கலாம். அண்ணாவிடமிருந்து ஏதாவது செய்தி வந்ததா?"

எனக்குள் ஏதோ அறுந்தது.

"நான் மரத்தைப் பற்றிக் கதைக்கிறேன். நீ என் அண்ணாவைப் பற்றிக் கதைக்கிறாய்."

நோர்வேஜிய மொழியில் வைத்தியருக்கும் "நீ"தான், மந்திரிக்கும் "நீ"தான். அதுவரை அந்தச் சொல்லை அவரிடம் சொல்லும்போது என் நாக்குக் கூசும். அன்றைக்குக் கூசவில்லை.

"அமைதியாக இரு. இந்தக் கோபமும் அந்த நோயின் ஒரு பகுதிதான்" என்றார்.

"கோபம் வேறு, மூச்சு வேறு. கோபத்துக்கு என்னிடம் காரணம் இருக்கிறது, அதற்கு மருந்து வேண்டாம். மூச்சுக்கு நீ காரணம் கண்டுபிடி. இரத்தம் எடு."

"அடுத்த நோயாளி காத்திருக்கிறார்."

"அவரும் காத்திருக்கட்டும். நான் எத்தனை வருடம் காத்திருந்தேன்?"

நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. கைப்பையை மடியில் வைத்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, கையை அவருடைய மேசையில் நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். காவலாளியைக் கூப்பிடுவாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. கடைசியில் தாதியைக் கூப்பிட்டார். "ஒவ்வாமைக்கு இரத்தம் எடு, அவளுக்கு அது நிம்மதி தரும்" என்றார், நான் அங்கே இல்லாதது போல.

முடிவு வந்தபோது தொலைபேசியில் சொன்னவள் தாதிதான். "பியோர்க். மிகவும் அதிகம். இத்தனை காலம் எப்படிச் சமாளித்தாய்?"

நான் நேரில் போனேன். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அதை மறைக்கவில்லை.

"கண்டுபிடித்தது நல்லது" என்றார். "உங்கள் நாட்டு ஆட்களிடம் நான் இதை அதிகம் பார்த்ததில்லை."

"தேடியிருந்தால் பார்த்திருப்பாய். நான் விழுங்கிய மற்ற மாத்திரைகள்?"

"அவற்றால் கெடுதல் ஒன்றும் வந்திருக்காது."

பஞ்சுத் தலையோடு நான் கழித்த மாதங்கள், என் பெயர் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய் வந்தது, ஒரு மேசையில் மூச்சு நின்று விழப் பார்த்தது, எல்லாம் அந்த ஒரு வசனத்துக்குள் அடங்கிவிட்டன. நான் எழும்பி வந்தேன். பிறகு வேறு வைத்தியருக்கு மாறினேன். கதவை அடித்துச் சாத்தவில்லையே என்று இன்றும் கவலைப்படுகிறேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"அப்ப உமக்கு ஒண்டுமில்லை. வெறும் ஒவ்வாமைதானே" என்றார், முகமெல்லாம் சந்தோஷமாக.

"ஒண்டுமில்லையோ? மூச்சு நிண்டு போகப் பாத்தது ஒண்டுமில்லையோ? உங்கடை அக்காவுக்கு இப்ப கோல் எடுங்கோ. எடுத்துச் சொல்லுங்கோ, அவவுக்கு மனம் நல்லாத்தான் இருக்கு, நாங்கள்தான் மடையர் எண்டு."

அவர் எடுத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். மடையர் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, மற்றதைச் சொன்னார். அந்த மே மாதத்திலிருந்து யன்னல் விளிம்புகளை ஈரத்துணியால் துடைப்பது அவர் வேலையானது. யாரும் சொல்லாமலே செய்தார். மன்னிப்பு என்ற சொல் மட்டும் அவர் வாயிலும் வரவில்லை.

சரியான மருந்து வந்ததும் மே மாதம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஏப்ரலில் மாத்திரை, கைப்பையில் நெஞ்சுக்கு உறிஞ்சும் மருந்து. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புது இலை விட்ட மரங்களுக்குக் கீழே நடந்தேன். இவ்வளவு மெல்லிய பச்சை உலகில் உண்டா என்றிருந்தது. இத்தனை வருடம் இதைப் பார்க்க விடாமல் செய்துவிட்டார்களே என்று அப்போதும் கோபம்தான் வந்தது.

இங்கெர் நீட்டிய மாத்திரை

சில வருடங்கள் போயின. பிறகு அந்த மே மாதம் வந்தது. எந்த மே என்று தமிழர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அண்ணாவின் குரலைக் கடைசியாகக் கேட்டது ஏப்ரலில். "பங்கருக்குள்ளை இருக்கிறம். கதைக்க ஏலாது, வைக்கிறன்" என்றார். அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. ஒஸ்லோவில் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றோம். கத்தினோம். கடந்து போனவர்கள் எங்களைப் பார்த்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள், போனார்கள். நோர்வேயின் தேசிய தினம் மே பதினேழு. ஊரெல்லாம் கொடி. வாசல்களில் புது இலையோடு பியோர்க் கிளைகளைக் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் வாத்தியம் வாசித்துக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால், சாப்பிடாமல் இருந்தோம்.

விடுமுறை முடிந்து வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் விசர் பிடித்துவிடும் போலிருந்தது. கண் இரண்டும் வீங்கி, மூக்குச் சிவந்து, குரல் அடைத்திருந்தது.

இங்கெர் என்னைப் பார்த்தாள். அலுமாரியைத் திறந்தாள். மேல் தட்டில் எனக்கென்றே அவள் வாங்கி வைத்திருந்த ஒவ்வாமை மாத்திரைப் பெட்டி இருந்தது. ஒன்றை எடுத்துக் கையில் வைத்து, மறுகையில் தண்ணீரோடு வந்தாள்.

"இந்த வருடம் பியோர்க் மோசம், இல்லையா?" என்றாள்.

இந்த நாட்டில் என்னை நம்பிய முதல் ஆள் அவள். எனக்காகக் காலுறையோடு பனியில் ஓடியவள். அவள் வாயிலிருந்துதான் அது வந்தது. பழைய வைத்தியர் மீது வந்ததைவிடப் பெரிய கோபம் எனக்கு வந்தது. அதை யார் மீது காட்டுவதென்று தெரியவில்லை. அவள் தொலைக்காட்சியில் செய்தி பார்த்திருப்பாள். பார்த்தும், அதை என் முகத்தோடு சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

"இங்கெர், இது மரம் இல்லை" என்றேன். "இது போர்."

அவள் மாத்திரையைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டாள். கோப்பையை மேசையில் வைத்தாள். கதவைச் சாத்தினாள். எனக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, என் முழங்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டு, "சொல். அங்கே என்ன நடக்கிறது? உன் அண்ணா எங்கே?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டிய நாள் அதுதான். வெளியே பிள்ளைகள் கத்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நெஞ்சில் விசில் இல்லை, மூச்சு நன்றாகத்தான் வந்து போனது. அண்ணா எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

இன்றுவரை தெரியாது.